டொபாங்காவில் யார் யார் வாழ்ந்தார்கள்? ஒரு காய்கறித் தோட்டத்திலிருந்து தொடங்கும் பதில்

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்து மலைக்குள் இருக்கும் டொபாங்கா கேன்யன் என்ற சின்ன ஊரில் அத்தனை பாடகர்களும் நடிகர்களும் ஓவியர்களும் வாழ்ந்தார்களாமே, அவர்கள் யார், ஏன் அங்கே போனார்கள், இப்போது போனால் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதிலில் முதல் பெயர் பாடகர் நீல் யங், இரண்டாவது பெயர் கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சன். அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். வேலை பறிபோன ஒரு நடிகர் 1950களின் தொடக்கத்தில் அங்கே போட்ட காய்கறித் தோட்டம் அது. பின்னால் வந்த கலைஞர்கள் பலர் டொபாங்காவில் ஒதுங்க முடிந்ததற்குக் காரணம், நிலமோ வீடோ கைவசம் இருந்த சிலர் "இங்கேயே இருந்துக்கோ" என்று சொன்னதுதான். அப்படிச் சொன்னவர்களை விட்டுவிட்டு, வந்து தங்கிய பிரபலங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் அந்த ஊர் புரியாது.

முதலில் இடம் எங்கே என்று பார்த்துவிடுவோம். சான்டா மோனிகா மலைத்தொடர் லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்குப் பக்கம் கடலை ஒட்டி ஓடுகிறது. அதை வடக்கு தெற்காக அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்குகளில் ஒன்று டொபாங்கா. தெற்கு முனையில் பசிபிக் கடற்கரைச் சாலை, வடக்கு முனையில் சான் ஃபெர்னாண்டோ சமவெளியின் உட்லண்ட் ஹில்ஸ். இரண்டையும் இணைப்பது மாநிலச் சாலை 27, வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அடையாளம் சொல்வதென்றால், மாலிபு கோயில் என்று நாம் சொல்லும் கலபாசஸ் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிற அதே மலைத்தொடர்தான். கோயில் லாஸ் விர்ஜெனஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது, டொபாங்கா அதற்குக் கிழக்கே.

மக்கள்தொகை எட்டாயிரத்தைச் சுற்றித்தான். ஊருக்கென்று நகராட்சி இல்லை, மேயர் இல்லை, நேரடியாக மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருகிறது. பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். கோடையில் காட்டுத் தீ, மழைக்காலத்தில் மண் சரிவு. இதையெல்லாம் குறை என்று நினைக்கலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நிலமும் வாடகையும் மலிவாகக் கிடைத்ததற்கு இந்தக் குறைகள்தான் காரணம். ஊர் உருவானதும் அவற்றால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஜோனி மிட்செல், ஃபிராங்க் ஸப்பா, "மாமா காஸ்" (அம்மா காஸ்) என்று சொல்லப்படும் பாடகி காஸ் எலியட், ஜிம் மாரிசன் என்ற 1960களின் இசைக்காரர்கள் எல்லோரையும் பலர் டொபாங்கா கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இவர்களெல்லாம் லாரல் கேன்யன் வட்டாரம். அது ஹாலிவுட்டுக்கு மேலே, நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து சன்செட் சாலையின் இசை அரங்குகளுக்குச் சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். லாரல் கேன்யனில் குடியிருந்தவர்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். டொபாங்காவுக்குப் போனவர்கள் தொழிலை விட்டு விலகிப் போனார்கள், சிலரைத் தொழிலே விலக்கிவைத்திருந்தது. இந்த வித்தியாசம் இரண்டு இடத்து மனிதர்களிலும் தெரிகிறது.

தொழிலே விலக்கிவைத்த முதல் ஆள் வில் கீர். 1902இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது தாவரங்களைப் பற்றி, பிழைப்பு நடிப்பு. 1930களில் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் வேலைநிறுத்தப் பந்தல்களிலும் நாடகம் போட்டவர். 1950 வாக்கில் ஹாலிவுட் படங்களில் நல்ல துணை வேடங்கள் கிடைத்துக்கொண்டிருந்தன, சான்டா மோனிகாவில் வீடு இருந்தது. 1951இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். அவ்வளவுதான், வேலை நின்றுபோயிற்று.

இந்தக் கறுப்புப் பட்டியல் நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, சட்டமும் அல்ல. 1947இல் பெரிய ஸ்டூடியோ முதலாளிகள் கூடி, விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வேலை தருவதில்லை என்று முடிவெடுத்து அறிவித்தார்கள். அதன்பின் ஒருவருக்கு வேலை இல்லை என்பதை யாரும் எழுத்தில் தரவேண்டியதில்லை. தொலைபேசி அடிக்காது, அதுதான் தகவல். மேல்முறையீடு செய்ய இடமே இல்லை.

கீரும் அவர் மனைவி ஹெர்ட்டா வேரும் சான்டா மோனிகா வீட்டை விற்றுவிட்டு டொபாங்காவில் ஒரு மலைச்சரிவை வாங்கினார்கள். ஹெர்ட்டாவும் நடிகை, அவருடைய பாட்டி மதர் புளூர் என்று அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்தில் பேர் பெற்றவர். குடும்பம் செடியும் காய்கறியும் வளர்த்து விற்றது. படித்த தாவரவியல் கைகொடுத்தது. மாலையில் அதே சரிவில் ஷேக்ஸ்பியர் வசனமும் நாட்டுப்புறப் பாட்டும் நடந்தன. வேறெங்கும் மேடை கிடைக்காத நடிகர்கள் அங்கே வந்து நடித்தார்கள். இடத்துக்கு தியேட்ரிக்கம் பொட்டானிக்கம் என்று பெயர் வைத்தார் கீர். 1640இல் வந்த "தியேட்ரம் பொட்டானிக்கம்" என்ற மூலிகை நூலின் தலைப்பைச் சற்றே மாற்றிய பெயர் அது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பேர் வரும் செடிகளையெல்லாம் தேடித் தேடி அங்கே நட்டார் என்பார்கள். "ஹாம்லெட்" நாடகத்தில் ஒஃபிலியா நினைவுக்காக என்று நீட்டும் ரோஸ்மேரி முதற்கொண்டு.

அந்தச் சரிவில் ஒரு சின்னக் குடில் இன்னும் இருக்கிறது. அதில் தங்கியவர் வுடி கத்ரி, "திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்" பாட்டை எழுதியவர். கீருக்கும் அவருக்கும் பழைய நட்பு. 1940 மார்ச்சில் நியூயார்க்கில் புலம்பெயர்ந்த விவசாயத் தொழிலாளர்களுக்காக ஒரு நிதி நிகழ்ச்சியைக் கீர் நடத்தினார். அந்த மேடையில்தான் கத்ரியை நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் முதலில் கேட்டார், பாடகர் பீட் சீகரும் அங்கேதான் அவரைச் சந்தித்தார். அமெரிக்க நாட்டுப்பாடல் மறுமலர்ச்சிக்கு அந்த ஒரு ராத்திரி எவ்வளவு முக்கியம் என்று எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் வேறு பக்கம் போய்விடும்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து கத்ரி டொபாங்கா வந்தபோது நிலைமை வேறு. 1952இல் அவருக்கு ஹண்டிங்டன் நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். அவருடைய அம்மாவைக் கொண்டுபோன நோய் அது. கை கால் சொன்னபடி கேட்காது, மனமும் நிலை தடுமாறும், குணப்படுத்தும் மருந்து கிடையாது. கத்ரி அங்கே கொஞ்சம் நிலம்கூட வாங்கினார். நிலைத்து இருக்கத்தான் முடியவில்லை. கொஞ்ச காலத்தில் கிழக்குக் கரைக்குத் திரும்பி, பிற்பாடு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளிலேயே கிடந்து 1967இல் இறந்தார். டொபாங்காவில் அவர் பெரிதாக எதையும் படைத்துவிடவில்லை. எனக்கு அந்தக் குடில் முக்கியமாகப் படுவதற்குக் காரணம் வேறு. தானே வருமானம் இல்லாமல் காய்கறி விற்றுக்கொண்டிருந்த மனிதர், நோயும் பிடிவாதமும் ஏறிக்கொண்டிருந்த நண்பருக்கு இடம் கொடுத்தார். அந்த ஊரில் அடுத்த இருபது ஆண்டு நடந்ததெல்லாம் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

கத்ரியின் சீடர் என்றே சொல்லத்தக்க ராம்ப்ளிங் ஜாக் எலியட்டும் அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார். பாஞ்சோ வாசித்த டெரோல் ஆடம்ஸை அவர் சந்தித்தது டொபாங்காவில். இருவரும் சேர்ந்து ஐரோப்பா போய்த் தெருவிலும் விடுதியிலும் பாடி, அங்கே ஒரு தலைமுறைப் பாடகர்களுக்கு முன்மாதிரி ஆனார்கள்.

கீரின் கதை பிறகு திரும்பியது. கறுப்புப் பட்டியல் தளர்ந்ததும் வேலை வந்தது. 1972இல் தொடங்கிய "தி வால்டன்ஸ்" தொலைக்காட்சித் தொடரில் தாத்தா வேடம். அமெரிக்க வீடுகள் பாதிக்குத் தெரிந்த தாத்தா ஆகிவிட்டார், 1975இல் எம்மி விருதும் வந்தது. தேச விரோதி என்று விசாரிக்கப்பட்ட மனிதர் இருபதே ஆண்டில் தேசத்தின் தாத்தா. அந்தப் பணத்தில் அவர் செய்தது டொபாங்கா சரிவில் நாடகக் குழுவை மறுபடி முறையாகக் கட்டியது. 1973லிருந்து அது தொடர்ந்து நடக்கிறது. ஹெர்ட்டாவுக்கும் அவருக்கும் அதற்கு வெகு முன்பே மணமுறிவு ஆகியிருந்தும், நாடகத்துக்காகக் குடும்பம் ஒன்றாகவே வேலை செய்தது. 1978 ஏப்ரலில் கீர் இறக்கும்போது குடும்பத்தார் பக்கத்தில் நின்று கத்ரியின் பாட்டைப் பாடினார்கள். அஸ்தி அந்த ஷேக்ஸ்பியர் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டது. மகள் எலன் கீர் பல பத்தாண்டுகள் அந்தக் குழுவை நடத்தியிருக்கிறார். டொபாங்காவின் முதல் பெயர் எது என்று என்னைக் கேட்டால் வில் கீர் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது பெயர் வாலஸ் பெர்மன். இவரைப் பற்றித் தமிழில் அநேகமாக யாரும் எழுதியதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பீட்டில்ஸின் "சார்ஜென்ட் பெப்பர்" இசைத்தட்டின் உறையில் ஒரு கூட்டம் நிற்குமே, அதில் ஒரு முகம் இவருடையது. அந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே பலருக்கு இவரைத் தெரியும், அது அநியாயம்.

பெர்மன் 1955லிருந்து 1964 வரை "செமினா" என்று ஒரு இதழ் கொண்டுவந்தார், மொத்தம் ஒன்பது. கவிதை, புகைப்படம், கோட்டோவியம் எல்லாவற்றையும் தானே சின்னக் கை அச்சில் வெவ்வேறு அளவுத் தாள்களில் அச்சடிப்பார். தைக்க மாட்டார், உதிரித் தாள்களாக ஓர் உறைக்குள் போடுவார். எந்த வரிசையில் எடுத்துப் படிப்பது என்பது பெறுகிறவர் இஷ்டம். கடைக்குப் போகாது, விலை கிடையாது, நண்பர்களுக்குத் தபாலில் போகும். இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற அந்த உறைகள், அன்று வீட்டு வாசலில் தபால்காரர் போட்டுவிட்டுப் போனவை.

1957இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. ஆபாசம் என்று புகார் வந்து போலீஸ் நுழைந்து மூடியது. பிடித்தது கூட அவர் வரைந்ததை அல்ல, இதழில் அவர் சேர்த்திருந்த இன்னொருவர் கோட்டோவியத்தை. 150 டாலர் அபராதம். அதைக் கட்டியவர் நடிகர் டீன் ஸ்டாக்வெல், இவர் பெயர் கீழே மறுபடி வரும். அதற்குப் பிறகு பெர்மன் வாழ்நாளில் பெரும்பாலும் விற்பனைக்கான காட்சிக்கூடங்களின் பக்கமே போகவில்லை. பெவர்லி க்ளெனில் இருந்த வீட்டை 1965இல் மண் சரிவு கொண்டுபோனதும் குடும்பத்தோடு டொபாங்கா வந்தார்.

அவருடைய பேர் சொல்லும் படைப்புகள் வெரிஃபாக்ஸ் ஒட்டோவியங்கள். வெரிஃபாக்ஸ் என்பது கோடாக் கம்பெனியின் பழைய அலுவலக நகல் இயந்திரம், ஈரத்தாளில் நகல் எடுப்பது. ஜெராக்ஸ் வந்ததும் எல்லோரும் தூக்கிப் போட்டது. பெர்மன் அதில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஒரு கை, அதில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. ரேடியோவின் முகப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு படம்: ஒன்றில் பாம்பு, ஒன்றில் முகம், ஒன்றில் துப்பாக்கி, ஒன்றில் ஹீப்ரு எழுத்து. நாற்பது ஐம்பது கட்டங்கள் வரிசையாக. அந்தப் பழுப்பு நிறமும் ஓரங்களின் மங்கலும் இயந்திரம் தந்தவை. ஒரே கை உலகத்தின் எல்லா அலைவரிசையையும் பிடித்துப் பார்ப்பது போல இருக்கும். அலைபேசியைக் கையில் பிடித்தபடி திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நமக்கு 1964இல் தொடங்கிய அந்தப் படங்கள் பழசாகவே தோன்றாது.

அவர் வீடு பலருக்குப் போக்கிடம். ஜார்ஜ் ஹெர்ம்ஸ் என்ற சிற்பி வருவார், துருப்பிடித்த இரும்பையும் உடைந்த மரத்தையும் சேர்த்துச் சிற்பம் செய்பவர். "வெஸ்ட் சைட் ஸ்டோரி"யில் ஆடிப் புகழ்பெற்று, பிறகு சினிமாவை ஒதுக்கிவிட்டு ஓவியம் பக்கம் வந்த ரஸ் டாம்ப்ளின் டொபாங்காவாசி. ஸ்டாக்வெலும் அப்படியே, குழந்தை நட்சத்திரமாக இருந்து, அந்தப் புகழில் வெறுத்துப்போய் மலைக்கு வந்தவர். "ஈஸி ரைடர்" படத்தில் கூட்டாக வாழும் இளைஞர்களின் கம்யூன் ஒன்றில் விதை தூவிக்கொண்டு நடக்கும் மனிதராகப் பெர்மன் ஒரு கணம் வருவார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது பொருத்தமான காட்சி. 1976 பிப்ரவரி 18, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். அன்று டொபாங்காவில் குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவன் மோதியதில் பெர்மன் இறந்துபோனார்.

இனி நீல் யங். கனடாவிலிருந்து வந்து பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவில் பாடியவர். குழு உடைந்ததும் 1968இல், தனி இசைத்தட்டுக்கு வந்த முன்பணத்தில் டொபாங்காவின் உயரமான சரிவில் ஒரு மரவீடு வாங்கினார். ஒருநாள் சாலையில் லிஃப்ட் கேட்டு நின்ற யங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டவர் டேவிட் பிரிக்ஸ், அவரும் டொபாங்காவில் குடியிருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர். அந்த லிஃப்ட், பிரிக்ஸ் 1995இல் சாகும்வரை தொடர்ந்த கூட்டு ஆயிற்று. யங்கின் அப்போதைய மனைவி சூசன் ஊர்க் கடைத்தெருவில் ஓர் உணவகம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஸ்டாக்வெல் அப்போது ஒரு திரைக்கதை எழுதினார். நண்பரும் நடிகருமான டென்னிஸ் ஹாப்பர் கொடுத்த ஊக்கத்தில் எழுதியது. டொபாங்காவையே களமாக வைத்து, ராட்சதக் கடலலை எழும்பி வந்து ஊரை அழிக்கும் கதை, பெயர் "ஆஃப்டர் த கோல்ட் ரஷ்". பாட்டு வராமல் திணறிக்கொண்டிருந்த யங் அதைப் படித்ததும் பாட்டுகள் வந்தன. படம் எடுக்கப்படவே இல்லை, கதைப் பிரதியும் தொலைந்துவிட்டது. இசைத்தட்டு மட்டும் அதே பெயரில் 1970 செப்டம்பரில் வந்தது. அதில் பெரும்பகுதி அந்த வீட்டின் நிலவறையில் பதிவானது. மரப்பலகை அடித்த, நாலு பேர் நின்றாலே நெருக்கும் அறை. பியானோவுக்கு உட்கார்த்திவைத்தது நில்ஸ் லோஃப்கிரென் என்ற பதின்வயதுப் பையனை. அவர் கிட்டார் வாசிப்பவர், பியானோ அவருடைய வாத்தியமே அல்ல. அந்தப் பதிவைக் கேளுங்கள், பியானோ எளிமையாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி நடக்கும். கைதேர்ந்தவர் வாசித்திருந்தால் அந்தப் பாட்டுகள் இவ்வளவு தூரம் நின்றிருக்காது என்பது என் கட்சி.

இசைத்தட்டு வந்த கையோடு யங் ஊரைவிட்டுப் போய்விட்டார். புகழ் கூடியதும் வீட்டைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள், வட கலிஃபோர்னியாவில் பண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மொத்தம் இரண்டு ஆண்டுதான் இருந்தார். கீர் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. ஊரின் முகமாக யங்கைச் சொல்வது எனக்கு ஒப்பாததற்கு இதுதான் காரணம், அவர் பாட்டு எனக்கு எவ்வளவு பிடித்தாலும்.

மற்ற இசைக்காரர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிட் என்ற குழு 1967இல் ஒரே வீட்டில் கூட்டாக வாழ்ந்தது. அதில் கிட்டார் வாசித்த ராண்டி கலிஃபோர்னியா பதின்வயது, டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மாற்றாந்தந்தை எட் காசிடி, நாற்பதைத் தாண்டிய மொட்டைத்தலைக்காரர். டொபாங்கா கொரால் என்று ஒரு மதுவிடுதி ஊரின் இசை மேடையாக இருந்தது, பிற்பாடு எரிந்துபோயிற்று. அங்கே அடிக்கடி வாசித்தவர்கள் கேன்ட் ஹீட் குழுவினர்.

கேன்ட் ஹீட்டின் ஆலன் வில்சனைப் பற்றி மட்டும் கூடுதலாக. வுட்ஸ்டாக் விழாப் படம் பார்த்தவர்களுக்கு மெல்லிய கீச்சுக் குரலில் ஒலிக்கும் "கோயிங் அப் த கன்ட்ரி" நினைவிருக்கும், அந்தக் குரல் இவருடையது. பழைய கறுப்பினப் புளூஸ் பாட்டை ஆராய்ச்சியாளர் மாதிரி கற்றவர். பார்வை மிக மங்கல். கூச்சம் அதிகம். செடிகொடிகள் மேல் தீராத பற்று. 1970இல் வந்த இசைத்தட்டின் உறையில், செம்மரக் காடுகள் வெட்டப்படுவதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி அச்சிட வைத்தார். குழுவின் இன்னொரு பாடகர் பாப் ஹைட் வீடு டொபாங்காவில் இருந்தது. அந்த வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெட்டவெளியில்தான் வில்சன் படுத்துக்கொள்வார். 1970 செப்டம்பர் 3 அன்று அங்கேயே இறந்து கிடந்தார், வயது 27. அதே மாதம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அடுத்த மாதம் ஜேனிஸ் ஜாப்ளினும் அதே வயதில் போனதால் உலகம் அவர்களை நினைவு வைத்துக்கொண்டது, இவரை மறந்துவிட்டது. காட்டுக்காகப் பேசிய ராக் பாடகர்களில் முன்னோடி அவர். செம்மரங்களைப் பற்றிப் பேசும்போதாவது அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

மேன்சனைத் தவிர்த்துவிட்டுப் போகவும் முடியாது. ஆனால் அந்தக் கதையில் டொபாங்காவாசி என்று சொல்லத்தக்கவர் கொலைகாரன் அல்ல, கொல்லப்பட்டவர். கேரி ஹின்மன், 34 வயது, இசை ஆசிரியர். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் மேற்படிப்பு படித்தவர், பௌத்த வழிபாட்டில் ஈடுபட்டு ஜப்பான் போகத் திட்டமிட்டிருந்தவர். போக்கிடம் இல்லாமல் வருகிறவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுப்பார். அப்படி வந்து போனவர்களில் மேன்சன் கூட்டத்தாரும் உண்டு. 1969 ஜூலை கடைசியில் பணம் கேட்டு வந்து, அவரை இரண்டு நாள் சித்திரவதை செய்து கொன்றார்கள். கொன்றவன் பாபி போஸலே. அதே கூட்டத்தார் நடிகை ஷாரன் டேட்டையும் மற்றவர்களையும் கொன்றது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. கீர் தொடங்கிவைத்த அதே வழக்கம், கதவைத் திறந்து வைப்பது, இங்கே ஒரு நல்ல மனிதரின் உயிரைக் கொண்டுபோனது. அதன்பிறகு ஊரில் கதவு பூட்டும் பழக்கம் வந்தது என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. இணையத்தில் மேன்சன் பெயருக்கு ஆயிரம் பக்கம் இருக்கிறது. டொபாங்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹின்மனுக்கு நாலு வரியாவது தரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மலிவு வாடகை எப்படிப் போனது என்பதும் கேள்விக்குள் அடங்கியதுதான். கேன்யன் கடலைத் தொடும் கீழ்ப்பகுதி முழுக்க நெடுங்காலம் லாஸ் ஏஞ்சல்ஸ் அத்லெடிக் கிளப்பின் சொத்து. அங்கே பழைய மரவீடுகளில் மாத வாடகைக்கு ஓவியர்கள், கவிஞர்கள், அலைச்சறுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஓடை பெருகினால் வீட்டுக்குள் சேறு வரும், ஆனால் வாடகை குறைவு, கடல் நடக்கும் தூரம். 2001இல் சுமார் 1,659 ஏக்கர் நிலம் 43 மில்லியன் டாலருக்கு மாநிலப் பூங்காவுக்காக வாங்கப்பட்டது. குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், மாற்றிடத் தொகை தந்தார்கள். காடு காப்பாற்றப்பட்டது, அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கையில் காசில்லாத கலைஞன் அந்த ஊரில் குடியேறும் வழி அதோடு ஏறக்குறைய அடைபட்டது. மேலே ஊருக்குள் இன்று ஒரு மில்லியன் டாலருக்குக் கீழே வீடு கிடைப்பது அரிது.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993 நவம்பரில் ஓல்ட் டொபாங்கா தீ மூன்று பேரைக் கொன்று, நூற்றுக்கணக்கான வீடுகளை எரித்துக் கடல்வரை போனது. 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய பாலிசேட்ஸ் தீ, பக்கத்து பசிபிக் பாலிசேட்ஸை அழித்துவிட்டு டொபாங்கா எல்லைக்குள்ளும் வந்தது. கடற்கரை முனையில் இருந்த 1929 காலத்து டொபாங்கா ராஞ்ச் மோட்டல் சாம்பலாயிற்று. மேலே ஊர் மையமும் கீரின் நாடகத் தோட்டமும் தப்பின. எரிந்த மலையில் மழை பெய்தால் சாம்பலும் மண்ணும் ஓடையில் இறங்கும். டொபாங்கா ஓடையில் ஸ்டீல்ஹெட் என்ற அரிய மீன் இனம் மிச்சமிருந்தது, இந்த மலைத்தொடரில் அதற்கு இருந்த கடைசிப் புகலிடம். மழை வருவதற்குள் வனவிலங்குத் துறையினர் ஓடைக்குள் இறங்கி 271 மீன்களைப் பிடித்து, வாளிவாளியாகச் சுமந்து வெளியேற்றினார்கள். பேர் பெற்ற குடிகள் பட்டியலில் அந்த மீன்களையும் நான் சேர்ப்பேன், மனிதர்களைவிட மிக மூத்த குடிகள் அவை.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்? தியேட்ரிக்கம் பொட்டானிக்கத்துக்குப் போங்கள். கோடை தொடங்கி இலையுதிர்காலத் தொடக்கம் வரை நாடகம் நடக்கும், ஒவ்வொரு பருவத்திலும் ஷேக்ஸ்பியர் உண்டு. சுமார் முந்நூறு பேர் உட்காரும் திறந்தவெளி, ஓக் மரங்களின் கீழே சரிவில் மரப் பலகை இருக்கைகள். நடிகர்கள் மேடையில் மட்டும் நிற்க மாட்டார்கள், பின்னாலுள்ள மலைப்பாதையிலிருந்து குரல் கொடுத்தபடி இறங்கி வருவார்கள், பார்வையாளர்கள் நடுவே ஓடுவார்கள். பலகையில் போட மெத்தை எடுத்துப்போங்கள், ஸ்வெட்டரும் வேண்டும். பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் கடல் குளிர் ஏறிவிடும். நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், கத்ரியின் குடிலையும் பார்க்கலாம். நீல் யங் வீடு, மற்ற பாடகர்கள் வீடு எல்லாம் இன்று வேறு குடும்பங்கள் வாழும் தனியார் வீடுகள், தேடிப்போக வேண்டாம். பெர்மனின் படைப்புகள் டொபாங்காவில் கிடைக்காது, லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இருக்கின்றன.

கிளம்புமுன் சாலை 27 திறந்திருக்கிறதா என்று போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் விழுந்த மண் சரிவும் 2025 தீயும் கடற்கரைப் பக்கத்து வழியை மாதக்கணக்கில் மூடிவைத்தன. அந்தப் பக்கம் மூடியிருந்தால் உட்லண்ட் ஹில்ஸ் வழியாக வடக்கிலிருந்து இறங்குங்கள்.